எச்.எம்.எஸ். டிரிங்கோமலி, 1:64 மாதிரி: செப்புத் தகடு வரை

எந்த வருடத்துக் கப்பலைச் செய்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். பிரிட்டிஷ் கடற்படைக்காக ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா பம்பாயில் கட்டி 1817 அக்டோபர் 12இல் நீரில் இறக்கிய பாய்மரப் போர்க்கப்பல் இது. 1782இல் திருகோணமலைக்கு அப்பால் நடந்த கடற்போரின் நினைவாக வைத்த பெயர். 1819இல் போர்ட்ஸ்மத் போய்ச் சேர்ந்தபோது நெப்போலியனோடு சண்டையே முடிந்துவிட்டது. அதனால் 1845 வரை வேலையில்லாமல் கட்டிக் கிடந்தது. பிறகுதான் தட்டையான பின்புறத்தை நீள்வட்டமாக்கி, பீரங்கிகளை 26ஆகக் குறைத்து, கனமானவற்றை வைத்தார்கள். அந்த உருவில்தான் 1847இல் வட அமெரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள் பக்கமும், 1852 முதல் 1857 வரை பசிபிக்கிலும் பணி. இந்தக் கப்பலின் மூல வடிவமைப்பான லெடா வகையின் பழைய வரைபடத்தை அப்படியே பிடித்தால் பின்புறமும் பீரங்கி வாசல்களும் தப்பாகும். இந்த மாதிரி 1847 நிலை.

பீரங்கித் தள நீளம் 150 அடி சொச்சம், அகலம் ஏறக்குறைய 40 அடி. 1:64இல் 716 மி.மீ., 190 மி.மீ.

அசல் கப்பல் மலபார் தேக்கு. ஆனால் மாதிரிக்குத் தேக்கு வேண்டாம்: மரத்துளைகள் இந்த அளவில் பள்ளமாகத் தெரியும், எண்ணெய்ப் பிசுக்கில் வெள்ளைப் பசையும் சரியாகப் பிடிக்காது. உள்ளடுக்குக்கு 5 x 1.5 மி.மீ. லைம் (லிண்டன்) மரப் பட்டிகை, மேலடுக்குக்கு 0.6 மி.மீ. பேரிமரம். முன்முகம் கொழுத்த வளைவு. பலகையை நுனியில் பாதி அகலத்துக்குமேல் இழைத்தால் ஆணி குத்தும் இடத்தில் பிளக்கும். இழைக்காமல் விட்டாலோ ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படிபோல நிற்கும். குறுக்குச் சட்டங்களுக்கு நடுவே முன்னும் பின்னும் பால்சா என்ற லேசான மரக்கட்டை அடைத்தால்தான் பலகை உட்கார இடம் கிடைக்கும். நீள்வட்டப் பின்புறத்துக்கு ஒரே கட்டையைச் செதுக்குவதைவிட, அச்சுக்கட்டையின்மேல் 0.5 மி.மீ. பிளைவுட் மூன்று அடுக்கு ஒட்டி வளைப்பது மேல். ஜன்னல் வரிசை கோணாது.

நீர்க்கோட்டுக்குக் கீழே கப்பலின் அடிப்பகுதியை மூடிய பிரிட்டிஷ் செப்புத் தகடு 4 அடிக்கு 14 அங்குலம், அதாவது 19 x 5.5 மி.மீ. பசையுள்ள செப்புப் பட்டையை வெட்டிக்கொள்ளலாம். ஒட்டும் வரிசை பின்புறத்திலிருந்து முன்னே, அடிமரத்திலிருந்து மேலே. முன்தகட்டின் ஓரம் பின்தகட்டின்மேல் படிய வேண்டும். இல்லாவிட்டால் ஓடும் நீர் விளிம்பைத் தூக்கிவிடும். மாதிரி தண்ணீரைப் பார்க்கப் போவதில்லை, ஆனாலும் தெரிந்தவர் கண்ணுக்கு உறுத்தும். இரு முனைகளிலும் வரிசைகள் மேல்நோக்கி ஏறும்; அங்கே வெட்டி நிறுத்தி, நீர்க்கோட்டுக்கு இணையாக மேல் வரிசையைத் தனியாக ஓட்டுவதுதான் சரி. ஆணித்தலைப் புள்ளிகளைப் பெரிதாக அழுத்துவது பலர் செய்யும் அபத்தம். இந்த அளவில் அவை கண்ணுக்கே தெரியக் கூடாது. விரல் ரேகை செம்பை அரித்துக் கறுக்கும்: பருத்தி உறை மாட்டி, ஒட்டியதும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும்.

அடுத்து பீரங்கி வாசல் மூடிகளும், கப்பலின் கறுப்புப் பக்கவாட்டில் ஓடும் வெள்ளைப் பட்டையும். பட்டைக்கு மறைப்பு நாடா ஒட்டும் முன் கறுப்பு வண்ணம் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தில் ஒட்டினால் நாடாவோடு வண்ணமும் உரிந்து வரும்.