நகராமலே நாடு மாறிய ஆண்டு

சிங்கப்பூருக்கு வந்த முதல் வாரத்தில், லிட்டில் இந்தியாவில் முடிவெட்டிக்கொண்டு எழுந்தபோது கடைக்காரர் "எட்டு வெள்ளி" என்றார். நாகப்பட்டினத்தில் வளர்ந்த எனக்கு வெள்ளி என்றால் கொலுசு, குத்துவிளக்கு, இல்லாவிட்டால் கிழமை. நான் விழிப்பதைப் பார்த்துவிட்டு, "டாலரத்தான் தம்பி சொல்றேன். ஊருக்குப் புதுசா?" என்று சிரித்தார்.

அந்தச் சொல்லின் பின்னால் போனபோதுதான் 1867ஆம் ஆண்டில் போய் நின்றேன். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் 1826 முதல் 'நீரிணைக் குடியேற்றங்கள்' என்ற பெயரில் ஒன்றாக இருந்தவை. இலண்டன் அவற்றை நேரடியாக ஆளவில்லை; ஆண்டது இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் அரசு. இங்கே கொடுக்கல் வாங்கல் எல்லாம் மெக்சிகோ வெள்ளி நாணயத்தில் நடந்துகொண்டிருக்க, கல்கத்தாவில் இருந்த அந்த அரசு ரூபாயையும் அணாவையும் புகுத்தப் பார்த்தது; போதாக்குறைக்கு, இந்தியாவிலிருந்து தண்டனைக் கைதிகளையும் கப்பல் கப்பலாக இங்கே அனுப்பிக்கொண்டிருந்தது. இந்திய ஆட்சியிலிருந்து பிரித்துவிடும்படி சிங்கப்பூர் வணிகர்கள் 1857இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனுப் போட்டார்கள். அது பலிக்கப் பத்து ஆண்டுகள் பிடித்தன. 1867 ஏப்ரல் 1 அன்று மூன்று ஊர்களும் இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டு, இலண்டன் குடியேற்ற அமைச்சகத்தின் நேரடிப் பொறுப்பில் வந்தன. ஹாரி ஆர்ட் ஆளுநராகப் பதவியேற்றார். ரூபாய் விலக, வெள்ளி நாணயமே சட்டப்படி செல்லுபடியாகும் பணமாயிற்று. முடிதிருத்தும் கடையில் என் காதில் விழுந்தது அந்த நாணயத்தின் எச்சம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

வேலை அனுமதி அட்டையைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த ஏப்ரல் முதல் தேதி நினைவுக்கு வரும். பினாங்கு சூலியாத் தெருவில் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் ஒருவர் மார்ச் 31 இரவு இந்திய ஆட்சிக்கு உட்பட்ட ஊரில் படுத்து, மறுநாள் அதே பாயில் வேறோர் ஆட்சியின் கீழ் எழுந்திருப்பார். இரண்டும் பிரிட்டிஷ் கொடியின் கீழேதான் என்பதால் அவர் அதை உணர்ந்திருக்கக்கூட மாட்டார். ஆனால் எங்கள் ஊர்த் துறைமுகத்தில் கப்பலேறிய கூலிகளுக்கு அது வெறும் காகித மாற்றமாக இருக்கவில்லை. பினாங்கு இப்போது இந்தியாவுக்கு வெளியே போய்விட்டதால், ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கடல் கடந்து அனுப்புவதைக் கட்டுப்படுத்திய இந்தியச் சட்டம் அவர்கள் பயணத்தின் மீதும் பாய்ந்தது. சட்டம் ஒரு பக்கம் இருக்க, ஆட்கள் போய்க்கொண்டேதான் இருந்தார்கள். அந்தச் சிக்கலை 1872இல்தான் சட்டத்தால் அவிழ்த்தார்கள்.

கைதிகளின் கதை வேறு. புதியவர்கள் வருவது முன்பே நின்றுவிட்டாலும், இருந்தவர்கள் 1873இல் சிறை கலைக்கப்படும்வரை உழைத்துக்கொண்டிருந்தார்கள். இன்று அதிபர் மாளிகையாக இருக்கும் இஸ்தானாவின் கட்டுமானம் மெக்னேர் என்ற பொறியாளரின் கீழ் 1867இல் தொடங்கியபோது, செங்கல் சுமந்தவர்களில் அவர்களும் இருந்தார்கள். பொது விடுமுறையில் வாசல் திறந்துவிடும் நாளொன்றில் நானும் வரிசையில் நின்று உள்ளே போயிருக்கிறேன். புல்வெளியில் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், நானும் எடுத்துக்கொண்டேன்.

அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் பினாங்கில் பெரும் கலவரம் மூண்டது. கீ ஹின், துவா பெக் கோங் என்ற இரு சீன இரகசியச் சங்கங்களுக்கு இடையிலான பகை அது. முன்னதோடு வெள்ளைக் கொடியும் பின்னதோடு சிவப்புக் கொடியுமாக இரு முஸ்லிம் சங்கங்கள் கைகோத்ததால், ஜார்ஜ் டவுன் தெருக்கள் பத்து நாள்போல எரிந்தன. பீரங்கிக் குண்டு விழுந்து பள்ளமான இடம் என்பதால்தான் பீரங்கித் தெருவுக்கு அந்தப் பெயர் என்று அங்கே சொல்வார்கள். பழைய ஆட்சி போய்ப் புதிய ஆட்சி வேர்பிடிக்காத இடைவெளியில்தான் இப்படிப்பட்டவை வெடிக்கும் என்பது என் கணிப்பு.

இவை எல்லாவற்றையும்விட என் மனத்தில் தங்கியது ஓர் அஞ்சல்தலை. தனி அஞ்சல்தலை அச்சாகி வரும்வரை காத்திருக்க முடியாமல், 1867 செப்டம்பரில் இந்திய அஞ்சல்தலைகளின் மேலேயே ஒரு கிரீடத்தையும் சென்ட் மதிப்பையும் அச்சடித்து விற்றிருக்கிறார்கள். அஞ்சல்தலை சேர்க்கும் நண்பர் ஒருவர் தம் ஆல்பத்தைத் திறந்து, இடுக்கியின் நுனியில் அதைத் தூக்கிக் காட்டினார். நீல நிற அரை அணாத் தலை. விக்டோரியாவின் கன்னத்தின் மேல் சிவப்பு மையில் ஒன்றரை சென்ட். பழைய அணா மதிப்பை யாரும் அழிக்கவில்லை. 'கிழக்கிந்தியா' என்ற சொல்லும் மேலே அப்படியே இருந்தது. நான் இரண்டு மதிப்புகளையும் மாறி மாறிப் படித்துக்கொண்டிருக்க, நண்பர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அந்த ஆண்டுக் கடைசியில் வந்த புதிய தலைகள் அங்கே வரிசையாக இருந்தன. அரசி அவரேதான், 'கிழக்கிந்தியா' இருந்த இடத்தில் நீரிணைக் குடியேற்றங்களின் பெயர் இருந்தது.