டீன் கையெழுத்துக்கு முன்னால்

சேலத்தில் ஜி.எச். என்றால் ஊர் நடுவே இருக்கும் ஆஸ்பத்திரி. 1986-இல் தொடங்கிய அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி இருப்பதோ இரும்பாலை ரோட்டில். இரண்டுக்கும் தலைமை ஒரே டீன். இப்படி இரண்டு வளாகமாகப் பிரிந்த இடத்தில் டீன் பெயரில் போகும் ஒரு தாளை அனாடமி பேராசிரியர் படிப்பார், இரவு ஷிப்ட் நர்ஸ் படிப்பார், சென்னையில் மருத்துவக் கல்வி இயக்குநரகத்தில் படிப்பார்கள். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிக்கு அதை யாராவது வாயால் சொல்வார்கள். நால்வருக்கும் அது ஒரே பொருளில் போய்ச் சேர வேண்டும். டீன் பெயரில் போகும் தாள்களை எழுதிச் சேர்க்கும் இந்த வேலைக்கென்று தனிப் பதவிப் பெயர் பெரும்பாலும் இருப்பதில்லை. டீனின் நேர்முக உதவியாளரோ, ஆர்.எம்.ஓ.வோ (நிலைய மருத்துவ அலுவலர்; அவருக்கு உதவியாக இருப்பவர் ஏ.ஆர்.எம்.ஓ.), எழுத வருகிற ஓர் உதவிப் பேராசிரியரோ அதைச் செய்துகொண்டிருப்பார். எந்த மருத்துவக் கல்லூரியிலும் அப்படி மாட்டிக்கொண்ட ஒருவருக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் சுற்றறிக்கை. ந.க.எண் (கோப்பு எண்), நாள், பொருள், பார்வை (முன்பு வந்த கடிதங்கள்) என்ற வரிசை நமக்குப் பழகியது. அதை மாற்ற வேண்டியதில்லை. கெடுவது அதற்குப் பிறகு. பார்வையில் ஐந்து கடிதங்கள், முதல் பத்தியில் அந்த ஐந்தின் சுருக்கம், இரண்டாம் பக்கத்தின் கடைசியில் உத்தரவு. வார்டில் யாரும் இரண்டாம் பக்கத்தைத் திருப்புவதில்லை. "உடனிருப்போர் குறித்த நடைமுறைகள் முறையாகப் பின்பற்றப்பட வேண்டும் எனக் கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்ற வாக்கியத்தைப் பாருங்கள். யார் பின்பற்ற வேண்டும்? என்றிலிருந்து? எது நடைமுறை? மூன்றுக்கும் அதில் பதில் இல்லை. அதையே இப்படி எழுதலாம்: "வரும் திங்கள்கிழமை காலை 7 மணி முதல் ஒரு நோயாளிக்கு ஒரு பாஸ் மட்டும். பாஸை வார்டு பொறுப்பு நர்ஸ் கையெழுத்திட்டுத் தருவார். குழந்தைகள் வார்டுக்கு இது பொருந்தாது. சந்தேகம் இருந்தால் பணியில் உள்ள ஏ.ஆர்.எம்.ஓ.வைக் கேட்கவும்." யார், என்ன, எப்போது, விலக்கு எது, யாரைக் கேட்பது என்று ஐந்தும் வந்துவிட்டன. உத்தரவு மேலே இருக்கட்டும், காரணம் கீழே ஒரு வரியில் வரட்டும். காரணத்தை அடியோடு விட்டுவிடவும் கூடாது. ஏன் என்று தெரியாத உத்தரவை வார்டு ஒரு வாரம் கடைப்பிடிக்கும், பிறகு மறந்துவிடும்.

ஒரு சுற்றறிக்கைக்கு ஒரே உத்தரவு. பாஸ் விஷயத்தோடு பயோமெட்ரிக் வருகைப்பதிவையும் சேர்த்துவிட்டால், டாக்டர்கள் வருகைப்பதிவை மட்டும் பேசுவார்கள். பாஸ் காணாமல் போய்விடும்.

எழுதுவதைவிடச் சேர்ப்பதுதான் கடினம். துறைத் தலைவர் கையெழுத்து வாங்கினால் போய்ச் சேர்ந்துவிட்டது என்று தபால் புத்தகம் சொல்லும். அது உண்மை இல்லை. துறைத் தலைவர் அறையிலிருந்து வார்டுக்கு ஒரு தாள் இறங்க இரண்டு மூன்று நாள் ஆகும், சில தாள்கள் இறங்குவதே இல்லை. வார்டுக்கு நேராகப் போகும் வழி நர்ஸ்கள் ஷிப்ட் மாறும் நேரம். நர்சிங் கண்காணிப்பாளர் வழியாக, மூன்று ஷிப்டிலும், தொடர்ந்து மூன்று நாள் வாசிக்கச் சொல்லுங்கள். ஒரே நாள் வாசித்தால் வார ஓய்வில் இருப்பவருக்கும் நைட் முடித்துப் போனவருக்கும் தெரியாது. ஹவுஸ் சர்ஜன்களுக்கு (பயிற்சி டாக்டர்கள்) வாட்ஸ்அப் குழுதான் வழி. ஆனால் பேட்ச் முடிந்ததும் குழுவைப் புதுப்பிக்காவிட்டால், பயிற்சி முடித்துப் போனவர்களுக்கு உத்தரவு போகும், இப்போது பணியில் இருப்பவர்களுக்குப் போகாது. குழுவில் பி.டி.எஃப். மட்டும் போடாதீர்கள். மேலே இரண்டு வரியில் உத்தரவைத் தட்டச்சு செய்து, கீழே கையெழுத்திட்ட தாளின் படத்தை வையுங்கள். கையெழுத்து தெரியாத செய்தி மாலைக்குள் வேறு வடிவம் எடுத்துவிடும்.

எல்லோரும் விட்டுவிடுகிற ஆட்கள் ஒப்பந்தப் பணியாளர்கள். துப்புரவு, செக்யூரிட்டி, லிஃப்ட், ஸ்ட்ரெச்சர் ஆட்களின் பெயர் அலுவலகப் பட்டியலில் இல்லாததால் நகல் பெறுவோர் வரிசையிலும் இருக்காது. ஆனால் ஆத்தூரிலிருந்தோ ஏற்காடு மேலிருந்தோ முதல் தடவை வருகிற குடும்பம் வழி கேட்பது அவர்களிடம்தான். ஒப்பந்த மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு, தாளைக் கொடுக்காமல் வாயால் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். இதற்குப் பத்து நிமிடம் ஆகும். இதைச் செய்யாத நாளில்தான் கேட்டில் சண்டை வருகிறது.

மொழி பற்றி ஒன்று. 1956-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டப்படி உள் அலுவலகத் தாள்கள் தமிழில்தான். தேசிய மருத்துவ ஆணையத்துக்குப் போவது ஆங்கிலத்தில். அங்கிருந்து வரும் கடிதத்தை வரிக்கு வரி மொழிபெயர்த்துச் சுற்றுக்கு விடாதீர்கள். படித்து, வார்டுக்கு அதில் என்ன வேலை இருக்கிறது என்று பிரித்து, அதை மட்டும் புதிதாகத் தமிழில் எழுதுங்கள்.

தினமும் வருகிற தபாலை நாலாகப் பிரிப்பது என் பரிந்துரை: கையெழுத்து மட்டும் போட வேண்டியவை, முடிவெடுக்க வேண்டியவை, தெரிந்துகொள்ள மட்டும், வேறு ஒருவருக்குப் போக வேண்டியவை. கெடு உள்ளவை எப்போதும் மேலே. நீதிமன்றக் கடிதம், சட்டமன்றக் கூட்டத்தொடர் நேரத்தில் வரும் வினா, தகவல் உரிமை மனு ஆகியவற்றைக் கட்டின் நடுவே செருகக் கூடாது. தகவல் உரிமைச் சட்டத்தில் பொதுவாக 30 நாள். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம். ஆஸ்பத்திரியில் இந்த இரண்டாவது வகை உண்மையாகவே வரும், மேலுறையில் அப்படி எழுதியும் இருக்காது. எனவே மனுவை வாங்குகிறவரே படிக்க வேண்டும்.

இந்தப் பதில்களில் எண்கள் முரண்படுவது பெரிய தலைவலி. விழாப் பேச்சில் படுக்கைகள் ஒரு எண், சட்டமன்றப் பதிலில் வேறு எண். இரண்டும் சரியாகவே இருக்கலாம். ஒன்று அனுமதிக்கப்பட்ட படுக்கை, மற்றது போட்டிருக்கும் படுக்கை. கேட்பவருக்கு அது பொய்யாகத்தான் தெரியும். ஒரே பக்கத்தில் எண் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எந்த நாள் நிலவரம், எந்தப் பதிவேடு என்று இருக்கட்டும். மாதம் முதல் தேதி புதுப்பியுங்கள். அதில் இல்லாத எண் டீன் வாயிலிருந்து வரக் கூடாது.

இனி, அவசரம். ஏற்காடு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். மே மாதம் கோடை விழா நேரத்தில் வண்டிகள் வரிசை கட்டும். ஒரு வேன் கவிழ்ந்தது என்று வைத்துக்கொள்வோம். காயம்பட்டவர்களில் சிலர் முதலில் ஏற்காடு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து கீழே அனுப்பப்படுவார்கள். சிலர் நேராகச் சேலம் வருவார்கள். சிலரைச் சொந்தக்காரர்கள் தனியாருக்கு எடுத்துப் போவார்கள். மேலே எண்ணிய அதே ஆள் கீழேயும் எண்ணப்படுவார். தொலைக்காட்சியில் எண்ணிக்கை ஏறுவது பாதி இதனால்தான். எண்ணை வார்டைக் கேட்டு எடுக்காதீர்கள். அவசர சிகிச்சைப் பிரிவின் விபத்துப் பதிவேட்டிலிருந்து, பெயர் பார்த்து, ஒருவர் மட்டும் எடுக்கட்டும். இறந்த நிலையில் கொண்டுவரப்பட்டவர், சிகிச்சையில் இறந்தவர், தீவிர சிகிச்சையில் இருப்பவர், வார்டில் இருப்பவர், வேறு இடத்துக்கு அனுப்பப்பட்டவர் என்று ஐந்து தனிக் கட்டங்கள். கூட்டுத்தொகை சரியாக வராவிட்டால் அறிக்கை வெளியே போகக் கூடாது.

முதல் அறிக்கைக்கு ஒரு மணி நேரம் போதும். முழு விவரத்துக்குக் காத்திருக்காதீர்கள். மாலை 4 மணி நிலவரப்படி இத்தனை பேர் சிகிச்சையில், இன்ன ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது, அடுத்த விவரம் 6 மணிக்கு. மூன்று வாக்கியம். 6 மணிக்குச் சொல்ல எதுவும் இல்லாவிட்டாலும், "மாற்றம் இல்லை" என்று 6 மணிக்கே சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்கு வராவிட்டால் நிருபர்கள் வார்டு வாசலுக்குப் போவார்கள். அங்கே களைத்துப் போன ஒரு பி.ஜி. மாணவர் ஏதாவது சொல்வார், அதுதான் மறுநாள் தலைப்பு. அவர் அரசுப் பணியில் இருப்பவர் என்றால் அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 அவரைக் கட்டுப்படுத்துகின்றன என்பது உண்மைதான். அவருக்கு அன்று தேவைப்படுவது விதியின் எண் இல்லை. "டீன் 6 மணிக்குப் பேசுவார்" என்று சொல்லக் கையில் ஒரு வரி இருந்தால் அவரும் தப்புவார், ஆஸ்பத்திரியும் தப்பும்.

சொல்லும் வரிசையும் முக்கியம். முதலில் குடும்பத்தார், அடுத்து வார்டு, பிறகு ஆட்சியர் அலுவலகமும் இயக்குநரகமும், கடைசியில் மாவட்டச் செய்தி மக்கள் தொடர்பு அலுவலர் வழியாகப் பத்திரிகை. இடைவெளி சில நிமிடங்களாக இருந்தாலும் இந்த வரிசை மாறக் கூடாது. மகன் இறந்ததை டி.வி.யில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் தாய்க்கு எந்த விளக்கமும் ஆறுதல் ஆகாது.

பெயர் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. பாலியல் வன்முறையில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சம்ஹிதா 72-ஆம் பிரிவின்படி குற்றம். குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும் சேரும். பெயரை மட்டும் எடுத்துவிட்டு ஊர், பள்ளி, அப்பா தொழில் என்று எழுதினால் ஒரு சின்ன மலைக் கிராமத்தில் அது பெயர் சொன்ன மாதிரிதான். உடல் உறுப்பு தான அறிக்கையில் கொடுத்தவர் பெயருக்குக் குடும்பத்தின் எழுத்துச் சம்மதம் வாங்குங்கள். பெற்றவர் யார் என்பது எதிலும் வரக் கூடாது.

மேடைப் பேச்சுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தமிழில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்குச் சுமார் நூறு சொல், ஐந்து நிமிடத்துக்கு ஐந்நூறுக்குள். எழுத்து 16 புள்ளி, பக்கத்தின் அடிப்பகுதி காலி, எண்கள் எழுத்தில். எழுதியதை நீங்களே உரக்கப் படியுங்கள், மூச்சு முட்டுகிற இடத்தில் வாக்கியத்தை வெட்டுங்கள்.

டீன்கள் மாறுவார்கள்; சிலர் பணி ஓய்வுக்குச் சில மாதங்கள் இருக்கும்போதுதான் பொறுப்பேற்பார்கள். அதனால் ஒவ்வொருவரும் வரைவில் அடித்த சொற்களை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஒருவருக்கு "ஆணையிடப்படுகிறது" பிடிக்கும், இன்னொருவர் அதை அடித்துவிட்டு "செய்யவும்" என்று எழுதுவார். புதியவர் வந்த முதல் நாளே இரண்டு தாள்களை அவர் மேசையில் வைத்துவிடுங்கள்: எண் பட்டியலும், கெடு உள்ள கோப்புகளின் வரிசையும். மற்றவை அடுத்த வாரம் போகட்டும்.