4கே சரி, எத்தனை ஹெர்ட்ஸ்?

பர்மா பஜாரில் எச்டிஎம்ஐ கேபிள் கேட்டால், கொட்டை எழுத்தில் '4கே' என்று போட்ட அட்டையைத்தான் எடுத்து நீட்டுவார்கள். பொய்யில்லை, 4கே வரும். படம் நொடிக்கு எத்தனை தடவை மாறும், அதாவது எத்தனை ஹெர்ட்ஸ், என்பதுதான் அட்டையில் இருக்காது. 14 அங்குல லேப்டாப்பை 4கே டிவியில் மாட்டியதும் மவுஸ் அம்பு இழுத்து இழுத்து நகர்ந்தால், அநேகமாக 30 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. அதற்கு இன்னொரு கேபிள் வாங்குவது பெரும்பாலும் தண்டச் செலவு.

எச்டிஎம்ஐயின் பழைய பதிப்பான 1.4 போர்ட்டின் பிக்சல் கிளாக், அதாவது படப் புள்ளிகளை அனுப்பும் வேகம், 340 மெகாஹெர்ட்ஸோடு முடிந்துவிடும். 1920×1080 படத்தை 60 ஹெர்ட்ஸில் அனுப்ப 148.5 போதும். 2560×1440க்கு சுமார் 241.5. 4கே (3840×2160) படத்தை 30 ஹெர்ட்ஸில் அனுப்ப 297. 4கே 60க்கோ 594 வேண்டும், எங்கிருந்து வரும்? இன்டெல் 6 முதல் 9 வரையிலான தலைமுறை லேப்டாப் சிப்களின் சொந்த எச்டிஎம்ஐ 1.4தான். தயாரித்தவர்கள் போர்டில் தனியாக ஒரு மாற்றி சிப் வைத்திருந்தால்தான் 60 கிடைக்கும். இல்லையென்றால் 4கே டிவியிலும் 1920×1080, 60 ஹெர்ட்ஸ் வையுங்கள். அகலத்திலும் உயரத்திலும் சரிபாதி என்பதால் பார்க்கச் சுமாராக இருக்கும், அம்பு வழுக்கிக்கொண்டு போகும்.

டைப்-சி இருக்கிறதே என்பார்கள். சார்ஜும் டேட்டாவும் மட்டும் போகிற டைப்-சியில் படம் வராது. போர்ட் பக்கத்தில் டிஸ்ப்ளேபோர்ட் (எச்டிஎம்ஐ மாதிரி இன்னொரு பட இணைப்பு) குறியோ தண்டர்போல்ட்டின் மின்னல் குறியோ இருக்கிறதா பாருங்கள். படம் வருகிற போர்ட்டிலும் ஹப் (ஒரு டைப்-சியைப் பல போர்ட்டாகப் பிரிக்கிற பெட்டி) கழுத்தைப் பிடிக்கும். டைப்-சி உள்ளே வேகமாக டேட்டா போக இருப்பது நாலு பாதை. ஹப்பில் யுஎஸ்பி 3 இருந்தால் இரண்டை அது எடுத்துக்கொள்ளும். மிச்ச இரண்டில் டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேகத்துக்கு 4கே 30தான். யுஎஸ்பி 2 மட்டும் உள்ள ஹப், அல்லது நேரடி டைப்-சி டு டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் போட்டால் நாலும் படத்துக்கே.

அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்கள் பலவற்றின் திரை 1366×768. அதனால் டிவியிலும் அவ்வளவுதான் வரும் என்று நினைக்க வேண்டாம். இரண்டு திரையிலும் ஒரே படத்தைக் காட்டுகிற 'டூப்ளிகேட்' முறையில் இரண்டு திரைக்கும் பொதுவான அளவை விண்டோஸ் எடுப்பதால்தான் டிவியில் மங்குகிறது. விண்டோஸ் சாவியோடு பி அழுத்தி 'செகண்ட் ஸ்க்ரீன் ஒன்லி' வையுங்கள்.

எத்தனை ஹெர்ட்ஸ் என்று பார்க்க: செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்ட் டிஸ்ப்ளே. மேலே எந்தத் திரை என்று கேட்கும் இடத்தில் டிவியைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். பலர் லேப்டாப் திரையின் 60ஐப் பார்த்து ஏமாறுவது இங்கேதான். 59.94 என்று காட்டினால் அதுவும் 60தான்.

60 பட்டியலிலேயே இல்லையென்றால் போர்ட், ஹப், டிவி மூன்றில் ஒன்றுதான் காரணம். டிவி மெனுவில் அந்த எச்டிஎம்ஐ போர்ட்டுக்கான அல்ட்ரா எச்டி அமைப்பு அணைந்திருந்தாலும் 60 காட்டாது. பட்டியலில் இருந்தும், தேர்ந்தெடுத்ததும் படம் கறுத்துக் கறுத்து வந்தாலோ வெள்ளைப் பொட்டு மின்னினாலோ, அப்போது கேபிளைச் சந்தேகப்படலாம். காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் கடற்காற்று படுகிற வீடென்றால் போர்ட்டில் பச்சை பிடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.