விஎம் தானா சாகல, வெளிய இருந்து கொன்னுருக்காங்க

மூணு நாளா ஒரே கததாங்க. எல்எல்விஎம்ங்கற கம்பைலரோட (கோட மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்தற ப்ரோக்ராம்) சோர்ஸ் இறக்கி, லினக்ஸ் லேப்டாப்ல ஒரு கேவிஎம் விஎம் (கம்ப்யூட்டருக்குள்ள ஓடுற இன்னொரு கம்ப்யூட்டர்) போட்டு, அதுக்குள்ள உபுண்டு லினக்ஸ் வெச்சு டீபக் பில்ட் (பிழை தேட கூடுதல் தகவலோட செய்யற பில்ட்) ஓட்டுறேன். பில்ட ஓட்டுற நிஞ்சா பாட்டுக்கு நம்பர் ஏத்திட்டே போகும், முக்கால்வாசி தாண்டும், அப்புறம் பட்டுனு விண்டோ கருப்பாயிடும், விஎம்கள காட்டுற விர்ட் மேனேஜர்ல பார்த்தா ஷட் ஆஃப்னு இருக்கும். எரர் இல்ல, கர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையம்) பேனிக் இல்ல. ஒரு கம்பைலர் உள்ளுக்குள்ள எப்படி யோசிக்குதுன்னு சோர்ஸ வெச்சே படிக்கணும்ங்கறது எனக்கு ரொம்ப நாள் ஆச, கோயமுத்தூர் வேலைல ஒரு வாரம் லீவு சொல்லிட்டு கொழிஞ்சாம்பாறை வீட்டுக்கு வந்ததே அதுக்குத்தான், அதுல மூணு நாள் இப்படிப் போனா எப்படி இருக்கும் சொல்லுங்க.

மொதல்ல சூடுன்னு நெனச்சேன். மே மாசத்து பாலக்காட்டு வெயில், லேப்டாப் அடியில கைய வெக்க முடியல. டேபிள் ஃபேன பக்கத்துல இழுத்து வெச்சு சென்சார்ஸ் ஓட்டிப் பார்த்தா லிமிட்டுக்குள்ளதான் இருக்கு. அடுத்து ரேம் மேல சந்தேகம், ராத்திரி பூரா மெம்டெஸ்ட் போட்டேன், ஒரு எரர் இல்ல. விஎம்ம திரும்ப பூட் பண்ணி லாக் காட்டுற ஜர்னல்சிடிஎல்ல பழைய பூட்டோட கடைசி வரிய தேடுனா சும்மா ஏதோ க்ரான் (நேரம் வெச்சு தானா ஓடுற வேல) ஓடுனது, அதோட கட். நிஞ்சாவுக்கு ஜே 8 (ஒரே சமயத்துல எட்டு வேல) போட்டிருந்தத ஜே 4 ஆக்குனேன், கொஞ்சம் கூடுதல் தூரம் போயிட்டுத்தான் செத்துச்சு, அதப் பார்த்து சரியான வழில போறோம்னு நம்பி இன்னொரு நாள விட்டுட்டேன்.

இதுக்கு நடுவுல இன்னொரு தொந்தரவு. திரும்ப நிஞ்சா ஓட்டுனா லிங்கர் (கம்பைல் ஆன துண்டுகள ஒண்ணா சேக்கற ப்ரோக்ராம்) ஏதோ ஒரு ஆப்ஜெக்ட் ஃபைல், அதாவது அந்தத் துண்டுகள்ல ஒண்ணு, ஃபார்மட் தெரியலன்னு நிக்கும். பார்த்தா அந்த ஃபைல் 0 பைட். விஎம் செத்த நொடில எழுதுனது டிஸ்குக்கே போகல, ஆனா பேர் மட்டும் இருக்கறதால நிஞ்சா அத முடிஞ்ச வேலைன்னு எடுத்துக்குது. ஃபைண்ட்ல சைஸ் 0 இருக்கற டாட் ஓ ஃபைல் எல்லாத்தையும் தேடி அழிச்சுட்டு ஓட்டுனாத்தான் நகரும். க்ராஷ் ஆன பில்ட தொடர்றவங்க இத கண்டிப்பா பாருங்க.

வெவரம் புரிய வெச்சது எங்க அக்கா பையன்தாங்க. நாலாவது நாள் மத்தியானம், பில்ட் ஓடிட்டு இருக்கு, நான் சாப்பிட உக்காந்துட்டேன், அவன் அதே லேப்டாப்ல மலையாளப் பாடம் வீடியோ பார்த்துட்டு இருந்தான். "மாமா, சிக்கிச் சிக்கி ஓடுது, மவுஸும் நகரல"ன்னான். இரு வரேன்னு சொல்லி ரெண்டு வாய் சாப்பிடல, "இப்ப சரியாயிடுச்சு மாமா, நல்லா ஓடுது"ன்னான். கையக் கழுவிட்டு வந்து பார்த்தா விஎம் போயிருக்கு.

திணறுன மெஷின், விஎம் செத்த அதே நொடில லேசாகுதுன்னா ஏதோ பெரிய எடம் காலியாகிருக்குன்னு அர்த்தம். அப்பத்தான் உறைச்சுது, நான் மூணு நாளும் விஎம்முக்கு உள்ளயே தேடிட்டு இருந்திருக்கேன், லேப்டாப்போட சொந்த கர்னல் லாக ஒரு தடவகூட தொறக்கல. அந்த லாக காட்டுற டிமெஸ்க் கமாண்ட அடிச்சேன், கடைசில இருந்துச்சு: அவுட் ஆஃப் மெமரி, கில்டு பிராசஸ், பக்கத்துல பேரு "க்யூஎம்யு சிஸ்டம் எக்ஸ்86". முழுப் பேரு எக்ஸ்86-64ல முடியும், கர்னல் 15 எழுத்தோட வெட்டிடும். விஎம்ம ஓட்டுற ப்ரோக்ராம்தான் க்யூஎம்யு, மொத்த விஎம்மும் லேப்டாப்புக்கு அந்த ஒரே பிராசஸ்தான். விஎம்கள நிர்வகிக்கற லிப்விர்ட் லாக்லயும் ரீசன் க்ராஷ்டுன்னு தெளிவா எழுதிருக்கு.

நடந்தது இதுதான். லேப்டாப்ல 16 ஜிபி, விஎம்முக்கு 12 குடுத்திருந்தேன். க்யூஎம்யு அந்த 12ஐ மொதல்லயே பிடிக்காது, உள்ள இருக்கற உபுண்டு தொடத்தொடத்தான் வெளிய நெசமா ரேம் போகும். அதனால ஆரம்பத்துல எல்லாம் தாராளமாத் தெரியும். கம்பைல் ஆக ஆக உள்ள இருக்கற கர்னல் படிச்ச ஃபைல எல்லாம் கேஷ்ல வெச்சுக்கும், உள்ள அது காலி எடம் மாதிரித்தான், வெளிய இருந்து பார்த்தா போன ரேம் போனதுதான். கடைசில டீபக் லிங்க் வரும், ஒவ்வொண்ணும் ஜிபி கணக்குல கேக்கும், அதுல நாலஞ்சு ஒண்ணா ஓடும், இந்தப் பக்கம் ப்ரௌசர் வேற. லேப்டாப் கர்னலுக்கு மூச்சு முட்டுனா ரேம் அதிகமாத் தின்னுட்டு இருக்கற ஆளத்தான் மொதல்ல பார்க்கும், அந்த ஆளு என் விஎம்.

சரி பண்ணது கம்மிதான். விஎம்ம 8 ஜிபிக்கு இறக்கி, உள்ள 8 ஜிபி ஸ்வாப் ஃபைல் (ரேம் பத்தலன்னா டிஸ்க்ல எடம்) வெச்சேன். இனி நெருக்கடி வந்தா உள்ள ஒரு லிங்கர் மட்டும் சாகும், விஎம் நிக்கும், விட்ட எடத்துல இருந்து தொடரலாம். பில்ட செட் பண்ற சிமேக்ல பேரலல் லிங்க் ஜாப்ஸ் 1 (ஒரு சமயத்துல ஒரு லிங்க்தான்), லிங்கர் எல்எல்டி, டார்கெட் (எந்த ப்ராசஸருக்கு கோட் ஆக்கணும்ங்கறது) எக்ஸ்86 மட்டும். டீபக்க விட்டுட்டு ரிலீஸ் பில்ட் போட்டு அசர்ஷன (உள்ள தன்னத்தானே சரிபார்த்துக்கற சோதனைகள) ஆன் பண்ணேன், பாஸ் (கம்பைலர் கோட மாத்தற ஒவ்வொரு கட்டம்) எல்லாம் என்ன பண்ணுதுன்னு அச்சடிச்சுப் படிக்க எனக்கு அதுவே போதும்.

நேத்து ராத்திரி பதினோரு மணிக்கு மேல கடைசி லிங்க் முடிஞ்சுது, ஸ்வாப்ப பெருசா தொடவே இல்ல. லீவு இன்னும் ரெண்டு நாள் இருக்கு, மெமரில இருக்கற வேரியபிள ரெஜிஸ்டருக்கு மாத்தற மெம்டுரெக் பாஸ்ல இருந்து ஆரம்பிச்சிருக்கேன்.