கொலனோஸ்கோபித் தாளில் இட்லி கிடையாது

கொலனோஸ்கோபியில், அதாவது ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கிற பரிசோதனையில், எனக்கு வலி ஒன்றும் இல்லை. அதற்கு முந்தின மூன்று நாள்தான் ஆளை ஒரு வழி பண்ணிவிடுகிறது. அதிலும் ஒரு தாளைக் கையில் திணித்து, "எல்லாம் இதில் இருக்கு ஆன்ட்டி" என்று அனுப்பிவிட்டார்களே, அந்தக் கடுப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை. பரிசோதனையைப் பற்றி உங்களுக்கே தெரிந்திருக்கும். நான் சொல்லப்போவது சாப்பாட்டையும் நேரத்தையும் பற்றி. என்னைப் படுத்தியவை அந்த இரண்டும்தான்.

50 வயதைத் தாண்டியவர்களுக்குச் சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம் இலவசமாகத் தருகிற எஃப்ஐடி என்கிற மலப் பரிசோதனைப் பெட்டியில் எனக்கு 'பாசிட்டிவ்' என்று வந்தது. கண்ணுக்குத் தெரியாத இரத்தம் மலத்தில் கலந்திருக்கிறதாம். மூலம் இருந்தாலும் அப்படி வரும், பயப்படாதீங்க என்றார் அரசுப் பாலிகிளினிக் டாக்டர். மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார், அங்கே ஸ்பெஷலிஸ்ட் பார்த்தார், தேதி கிடைத்தது. இதுவரை எல்லாம் சுமுகம்.

பிறகுதான் அந்தத் தாள். மூன்று நாளைக்கு நார்ச்சத்துக் குறைந்த உணவு. சாப்பிடலாம் என்ற பக்கத்தில் மீன் கஞ்சி, தோல் எடுத்த கோழி, முட்டை, மீ சுவா, பீ ஹூன் மாதிரி மெல்லிய நூடல்ஸ், வெள்ளை ரொட்டி, தோஃபு. கூடாது என்ற பக்கத்தில் காய்கறி, பழம், பருப்பு, கொட்டை, விதை, பழுப்பரிசி, முழுத்தானிய ரொட்டி. படமெல்லாம் போட்டு அழகாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குத் தேதி விழுந்தது புரட்டாசியில். மீன், கோழி, முட்டை மூன்றும் அடிபட்டுப்போயின. தோஃபுவும் பீ ஹூனும் மிஞ்சின. இட்லி, தோசை, ரசம், தயிர் சாதம் பற்றி அந்தத் தாளில் ஒரு எழுத்து கிடையாது. இந்த ஊரில் எத்தனை தமிழ்க் குடும்பம் இருக்கிறது!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பாலிகிளினிக் சுவரில் பாதித் தட்டு காயும் பழமும், கால் தட்டு முழுத்தானியம் என்று ஒரு தட்டுப் படம் தொங்கும். சர்க்கரைக்காரி என்பதால் வருஷக்கணக்கில் அதைக் காட்டிக் காட்டியே என்னைப் பழுப்பரிசிக்குப் பழக்கினார்கள். இந்த மூன்று நாளும் அந்தத் தட்டை அப்படியே கவிழ்த்துவிட வேண்டும். வெள்ளைச் சோறு, வெள்ளை ரொட்டி. ஆரோக்கியமாகச் சாப்பிடுகிறவர்தான் இதில் அதிகம் தடுமாறுவார்.

தாளில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து, பாட்டுக் கேள். கடைசியில் எடுத்த பெண்ணிடம் இட்லி சாப்பிடலாமா என்றேன். இட்லி என்றால் என்ன என்றாள். அரிசியும் உளுந்தும் அரைத்து ஆவியில் வேகவைப்பது என்று விளக்கினேன். "பீன்ஸ் கூடாது" என்றாள். அதோடு முடிந்தது.

இந்த லட்சணத்தில் அவர்களே ஒருநாள் கூப்பிட்டு நேரத்தை மாற்றினார்கள். பிற்பகல் 2 மணிக்கு இருந்தது காலை 8.30க்கு வந்துவிட்டது. சரி, குடலைச் சுத்தம் பண்ணுகிற பேதி மருந்தை எப்போது குடிப்பது என்று கேட்டால், "அதே தாள்தான் ஆன்ட்டி, அப்படியே செய்யுங்க." தாளை எடுத்துப் பார்த்தேன். பரிசோதனை அன்று காலை 6 மணிக்கு முதல் பாக்கெட், 8 மணிக்கு இரண்டாவது என்று போட்டிருந்தது. எட்டு மணிக்கு நான் அங்கே பதிவு முகப்பில் நிற்க வேண்டுமா, வீட்டில் கழிப்பறையில் உட்கார வேண்டுமா? திரும்பக் கூப்பிட்டால் வேறொருவர் எடுத்தார். நள்ளிரவுக்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்றார். அப்படியானால் இரண்டாவது பாக்கெட்டை எப்போது குடிப்பதாம்? அதற்குப் பதில் இல்லை.

நேரிலேயே போய்விட்டேன். பதிவு முகப்பில் மருந்தகத்தைக் கேள் என்றார்கள். மருந்தகத்தில் எண் எடுத்து, முறை வரும்வரை உட்கார்ந்திருந்து கேட்டால், அது எண்டோஸ்கோபி பிரிவு, வேறு மாடி என்றார்கள். அங்கே நல்லவேளையாக ஒரு தமிழ்த் தாதி இருந்தார். தாளை வாங்கிப் புரட்டியதுமே, "அக்கா, இது மத்தியானத்துக்கு உள்ளது" என்றார். கீழ் மூலையில், மூக்குக் கண்ணாடி போட்டும் எனக்குத் தெரியாத அளவில், 'பிஎம்' என்று அச்சாகியிருந்தது. இழுப்பறையைத் திறந்து வேறொரு தாளை எடுத்துக் கொடுத்தார். முந்தின இரவு 7 மணிக்கு ஒரு பாக்கெட், அன்றைக்கு விடிகாலை 4 மணிக்கு இன்னொன்று. தெளிவாக இருந்தது. உங்களுக்கும் நேரத்தை மாற்றினால், கேட்க வேண்டிய முதல் கேள்வி "தாளும் மாறுமா?" என்பதுதான். காலைப் பரிசோதனைக்குப் பாதி மருந்தை இரவிலும் பாதியை விடிகாலையிலும் குடித்தால்தான் குடல் நன்றாகச் சுத்தமாகும் என்பதால் இந்த நேரக் கணக்கு விளையாட்டில்லை.

ஆள் கிடைத்ததை விடுவேனா? என் சமையற்கட்டு முழுவதையும் அவரிடம் கொட்டினேன். தோல் நீக்கின உளுந்துதானே, இரண்டு இட்லி சாப்பிடலாம், சட்னியும் சாம்பாரும் வேண்டாம் என்றார். வெறும் தோசையும் சரி. தயிர் சாதம் சாப்பிடலாம், தாளிக்கக் கூடாது. ரசம் வேண்டுமானால் தக்காளி இல்லாமல் வைத்து, துணியில் வடிகட்டித் தெளிவை மட்டும் குடிக்கலாம். உருளைக்கிழங்கைத் தோல் சீவி மசித்துச் சாப்பிடலாம். இது எனக்குச் சொன்னது. ஒவ்வொரு மருத்துவமனையும் ஒவ்வொரு மாதிரி கெடுபிடி என்பதால் உங்கள் இடத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இத்தனை ஏன் என்றால், நம் சமையலில் விதை எங்கே இல்லை? கடுகு, சீரகம், வெந்தயம். இட்லிப் பொடியில் எள். தக்காளி, கத்திரி, வெண்டை, பச்சைமிளகாய் எல்லாமே விதைக்காய். மருந்து குடித்தாலும் விதையும் தோலும் முழுசாக வெளியேறாதாம். குடல் சுவரில் ஒட்டிக்கொண்டால் தட்டையான சின்னப் பாலிப் (குடல் சுவரில் வளர்கிற சதை) அதற்கடியில் மறைந்துவிடும், கருவியின் உறிஞ்சு குழாயையும் அடைக்கும். சுத்தம் போதவில்லை என்றால் இன்னொரு நாள் வரச் சொல்லுவார்கள், எல்லாம் முதலிலிருந்து.

இதை வீட்டில் ஒப்பித்துக் காட்டியும் பயனில்லை. என் வீட்டுக்காரர் பாசமாகத் தயிர் சாதம் பிசைந்து கொண்டுவந்தார். கடுகு தாளித்து, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, மேலே மாதுளை முத்து தூவி! "கடுகை ஒதுக்கிட்டுச் சாப்பிடேன்" என்கிறார். அதை அவரையே சாப்பிடச் சொல்லிவிட்டு வெள்ளை ரொட்டியை எடுத்துக்கொண்டேன். மாமியார் குளிர்ச்சிக்கு என்று கம்பங்கூழ் கொடுத்தனுப்பினார். அதற்கும் கும்பிடு போட்டாயிற்று.

மாத்திரை விஷயம் தாளில் ஒரே வரி: "மருத்துவரைக் கேட்கவும்." தேதி கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள், முந்தின நாள் கேட்டால் சிலதற்குக் காலம் கடந்துவிடும். இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்லுவார்கள். மலத்தைக் கறுப்பாக்கிக் குடலில் ஒட்டவைக்கும். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் இருக்கவும் கூடாது. சர்க்கரைக்கு இப்போது தருகிற எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகையைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வதுண்டு. எனக்கு மெட்ஃபார்மின் மட்டும்தான். எப்போது விட வேண்டும், எப்போது திரும்ப எடுக்க வேண்டும் என்று டாக்டரிடம் எழுதி வாங்கி, குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தேன்.

முந்தின நாள் காலைப் பசியாற இரண்டு துண்டு வெள்ளை ரொட்டி. அதற்குப் பிறகு தெளிந்த பானம் மட்டும். தாதி சொன்ன சோதனை எளிது: கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, பின்னால் விரலை வைத்தால் விரல் தெரிய வேண்டும். கோப்பி ஓவில், அதாவது கடுங்காப்பியில், தெரியாதே என்று கேட்காதீர்கள், பால் இல்லை என்பதால் அதற்கு அனுமதி உண்டு. வடிகட்டின பார்லித் தண்ணீர், ஆப்பிள் ஜூஸ், 100 பிளஸ், தே ஓ (பால் இல்லாத தேநீர்) எல்லாம் சரி. மைலோ, மோர், பண்டுங் (ரோஸ் சிரப் கலந்த பால்) கூடாது. சிவப்பும் ஊதாவும் எந்த ரூபத்திலும் வேண்டாம், உள்ளே பார்க்கும்போது இரத்தம் மாதிரி தெரியும். சர்க்கரைக்காரர்கள் அன்றைக்கு ஒரு நாள் இனிப்புப் பானத்துக்குப் பயப்படாதீர்கள். இரவு கை நடுங்கியது, விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தால் 4.1 மில்லிமோல். நாலுக்குக் கீழே போனால் ஆபத்து என்பார்களே! உடனே ஆப்பிள் ஜூஸ் குடித்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. சர்க்கரை பார்க்கும் கருவியைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தக் கண்ணறாவி மருந்து. ஒரு பாக்கெட் தூளை 1 லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஒரு மணி நேரத்துக்குள் குடிக்க வேண்டும். முதல் தம்ளர் ஒன்றுமில்லை. இரண்டாவதில் உப்பும் தித்திப்பும் கலந்த அந்த வழவழப்பு நாக்கில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். மூன்றாவதில் வாசனை பட்டாலே குமட்டும். மாலையிலேயே கரைத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள், ஜில்லென்று இருந்தால் பாதிக் கஷ்டம் குறையும். ஸ்ட்ரா போட்டு நாக்கின் பின்பக்கமாக உறிஞ்சுங்கள். ஒவ்வொரு தம்ளருக்குப் பிறகும் எலுமிச்சைத் துண்டை நாக்கில் தேய்த்துத் துப்பினேன், அது கைகொடுத்தது. குமட்டல் தாங்கவில்லை என்றால் பத்து நிமிஷம் நிறுத்தி, அறைக்குள்ளேயே நடந்துவிட்டுத் தொடருங்கள். வாந்தி எடுத்தால் குடித்ததெல்லாம் வீண்.

எனக்கு ஒரு மணி நேரத்தில் வேலையைக் காட்டியது. அதன் பிறகு கழிப்பறையை விட்டு நகர முடியாது. வீட்டில் இரண்டு இருந்தால் ஒன்றை உங்கள் பேரில் எழுதி வாங்கிவிடுங்கள். என் மகன் போன் பார்த்துக்கொண்டே உள்ளே உட்கார்ந்திருந்த ஐந்து நிமிஷம் எனக்கு யுகமாகத் தெரிந்தது. காகிதம் வேண்டாம், தண்ணீர் அல்லது ஈரத்துணி. ஆரம்பத்திலிருந்தே வாஸ்லின் தடவிக்கொள்ளுங்கள். எரிச்சல் வந்த பிறகு தடவினால் அவ்வளவு பயனில்லை. கடைசியில் வெறும் மஞ்சள் தண்ணீராக, கசடு இல்லாமல் போக வேண்டும். விடிகாலைப் பாக்கெட் முடிந்ததும் அப்படியே போனபோது எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வது!

வழியில் என்ன ஆகுமோ என்ற பயத்தில் எம்ஆர்டி ரயிலை மறந்துவிட்டு டாக்சி பிடித்தேன், பெரியவர்களுக்கான டயாப்பரும் போட்டுக்கொண்டேன். வெட்கமென்ன இருக்கிறது. அது தேவைப்படவில்லை, ஆனால் அது இருந்ததால்தான் நிம்மதியாக உட்கார முடிந்தது.

பதிவு முகப்பில் முதல் கேள்வி கூட யார் வந்திருக்கிறார்கள் என்பது. மயக்க ஊசி போடுவதால் தனியாகத் திருப்பி அனுப்பமாட்டார்கள். பக்கத்தில் ஒரு அண்ணன், வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர், கூட ஆள் இல்லை என்பதால் மயக்க ஊசி கிடையாது என்றார்கள், பாவம், போனில் யார் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தனியாக இருப்பவர்கள் ரூம்மேட்டிடம் முன்பே சொல்லிவையுங்கள். என்னோடு தம்பி வந்திருந்தான்.

உள்ளே தாதி கேட்டது ஒன்றே ஒன்று: கடைசியாகப் போனது என்ன நிறம்? "மஞ்சள், தண்ணி" என்றேன் பெருமையாக. ஊசி போட்டார்கள், விழித்தபோது எல்லாம் முடிந்து மைலோவும் பிஸ்கட்டும் முன்னால் இருந்தன. குடல் நல்ல சுத்தம் என்று அறிக்கையிலேயே எழுதியிருந்தார் டாக்டர். அரை சென்டிமீட்டரில் ஒரு பாலிப், அப்போதே எடுத்து ஆய்வுக்கு அனுப்பிவிட்டார். பின்னால் வந்த முடிவில் புற்றுநோய் இல்லை.

கட்டணத்தில் ஒரு விஷயம். பார்த்துவிட்டு மட்டும் வந்தால் ஒரு தொகை, பாலிப் எடுத்தால் அது வேறு சிகிச்சைக் கணக்கில் போய்க் கூடிவிடும். மெடிசேவிலிருந்து (நம் மருத்துவச் சேமிப்புக் கணக்கு) எடுக்கும் வரம்பும் அதற்கேற்ப மாறும். முகப்பில் எனக்குச் சொன்னது முதல் தொகையை மட்டும். பில் வந்தபோது தம்பியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு தொகையையும் முன்கூட்டியே கேட்டு, மெடிசேவ் படிவத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டு உள்ளே போங்கள். மயக்கம் தெளியாத கையால் கையெழுத்துப் போடக் கூடாது.