குபர்நெட்டிஸில் எலாஸ்டிக்சர்ச்: பாட் கூடினால் தேடல் வேகம் கூடுமா?

தமிழும் ஆங்கிலமும் கலந்த பெரிய கட்டுரைத் தொகுப்பு ஒன்றின் தேடலைத் தனித்தனி சர்வர்களிலிருந்து, கண்டெய்னர்களைப் பல மெஷின்களில் ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டிஸுக்கு மாற்றினோம். அதில் ஓடும் மிகச் சிறிய அலகுதான் பாட். தேடல் மென்பொருள் எலாஸ்டிக்சர்ச் 8ஆம் பதிப்பு, மாஸ்டர் வேலை (கிளஸ்டரை நிர்வகிப்பது) மட்டும் பார்க்கும் 3 நோடுகள், டேட்டா வைத்திருக்கும் 6 நோடுகள், மூன்று ஸோன்கள் (தனித்தனி டேட்டா சென்டர் பகுதிகள்). தேடலுக்காக அமைத்த இண்டெக்ஸைப் பிரித்த துண்டுகளே ஷார்டுகள், அவற்றின் பிரதிகள் ரெப்ளிகா. முதன்மை ஷார்டுகளின் மொத்த அளவு ஏறத்தாழ 180 ஜிபி. அதில் தெரிந்துகொண்டவற்றை இந்த வேலையைத் தொடங்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன். ‘நோட்’ என்பது இரண்டு பக்கமும் உள்ள சொல் என்பதால், இங்கே நோட் என்றால் எலாஸ்டிக்சர்ச் நோட். குபர்நெட்டிஸின் நோடை மெஷின் என்றே சொல்கிறேன். 2021இல் பிரிந்து வந்த ஓப்பன்சர்ச்சுக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும். ஆபரேட்டர் (கிளஸ்டரைத் தானே அமைத்துப் பராமரிக்கும் மென்பொருள்) மட்டும் வேறு.

பெயரும் டிஸ்க்கும் மாறாத பாட்களை எழுப்பும் ஸ்டேட்ஃபுல்செட்டைக் கையால் எழுதுவதா, ஆபரேட்டரை நம்புவதா என்பதுதான் முதல் முடிவு. ஆபரேட்டர்தான் என்று தயங்காமல் சொல்வேன். எலாஸ்டிக் நிறுவனத்தின் ஆபரேட்டரான ஈசிகே 2020இலிருந்தே நிலையான பதிப்பாகக் கிடைக்கிறது. கையால் எழுதினால் தொடக்கத்திலேயே மூன்று இடங்களில் சிக்கல் வரும். பாட்கள் ஒன்றையொன்று தேடிக்கொள்ள, ஒவ்வொரு பாட்டின் முகவரியையும் டிஎன்எஸ்ஸில் தரும் ஹெட்லெஸ் சர்வீஸ் வேண்டும். இன்னும் தயாராகாத பாட்களின் முகவரியையும் டிஎன்எஸ்ஸில் வெளியிடும்படி அதை அமைக்காவிட்டால், மாஸ்டர்கள் ஒன்றையொன்று காணாமல் தயாராகவே மாட்டா. தயாராகாததால் முகவரியும் வெளியே வராது. ஸ்டேட்ஃபுல்செட் இயல்பாகப் பாட்களை ஒவ்வொன்றாகத்தான் எழுப்பும். முதல் மாஸ்டர் தயாராவதற்கு மற்றவை வேண்டும், முதலாவது தயாரானால்தான் மற்றவை எழும் என்ற முடிச்சு அதனால் விழுகிறது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எழுப்பும் பேரலல் முறையை வைத்தால்தான் அது அவிழும். மூன்றாவது, ‘இனிஷியல் மாஸ்டர் நோட்ஸ்’ அமைப்பு. கிளஸ்டர் முதன்முறை உருவாகும்போது மட்டும் அது தேவை, உருவானதும் எடுத்துவிட வேண்டும். அப்படியே விட்டால், பின்னாளில் காலி டிஸ்க்கோடு எழும் மாஸ்டர்கள் பழைய கிளஸ்டரில் சேராமல் தங்களுக்கென்று புதிதாக ஒன்றைத் தொடங்கிவிடக்கூடும்.

ஈசிகே இவை மூன்றையும் தானே பார்த்துக்கொள்ளும். ஆனால் அதன் இயல்பு மதிப்புகள் சோதித்துப் பார்ப்பதற்கானவை: ஒரு பாட்டுக்கு 2 ஜிபி மெமரி, 1 ஜிபி டிஸ்க். டிஸ்க்கைக் கூட்டிக் கேட்கும்போது வால்யூம் கிளெய்மின் (டிஸ்க் கேட்கும் கோரிக்கையின்) பெயரை ‘எலாஸ்டிக்சர்ச்-டேட்டா’ என்றே வைக்க வேண்டும். வேறு பெயர் கொடுத்தால் அதை மவுண்ட் செய்யும் பொறுப்பும் உங்களுடையதாகிவிடும். இதைவிட முக்கியமானது, வால்யூம் கிளெய்மை எப்போது அழிப்பது என்ற விதி. இயல்பு நிலையில், கிளஸ்டருக்கான ரிசோர்ஸை நீக்கினால் கிளெய்ம்களும் சேர்ந்தே நீங்கும். உற்பத்திச் சூழலில் அதை ‘டெலீட் ஆன் ஸ்கேல்டவுன் ஒன்லி’ என்று மாற்றுங்கள்; ஸ்டோரேஜ் கிளாஸின் ரீக்ளெய்ம் பாலிசியையும் ‘ரீட்டெய்ன்’ ஆக்குங்கள். இரண்டும் சேர்ந்தால், தவறான இடத்தில் ஓடிய ஒரு குபர்நெட்டிஸ் டெலீட் கட்டளை டேட்டாவைத் தொடாது.

அடுத்தது லினக்ஸ் கெர்னல். எலாஸ்டிக்சர்ச்சுக்குள் தேடலைச் செய்யும் லூசீன் தன் கோப்புகளை மெமரி மேப் மூலம் படிக்கிறது. ஒரு புராசஸ் வைத்துக்கொள்ளக்கூடிய மேப்புகளின் எண்ணிக்கை, அதாவது ‘மேக்ஸ் மேப் கவுண்ட்’, பல லினக்ஸ்களில் 65530தான். எலாஸ்டிக்சர்ச் குறைந்தது 262144 கேட்கும். இல்லையென்றால் அந்த எண்ணை லாகில் எழுதிவிட்டு நின்றுவிடும். அண்மைய 8ஆம் பதிப்புகளுக்கு 1048576 பரிந்துரைக்கப்படுகிறது. இது மெஷினுக்கான அமைப்பு, கண்டெய்னருக்குள் மாறாது. பாட்டில் முதலில் ஓடி முடியும் இனிட் கண்டெய்னருக்கு மெஷினைத் தொடும் உரிமை (பிரிவிலெஜ்டு) கொடுத்து மாற்றலாம், ஆனால் பாதுகாப்பு விதிகள் கடுமையாக உள்ள நேம்ஸ்பேஸ்களில் அதை அனுமதிக்கமாட்டார்கள். டேட்டா நோடுகளுக்கென்று தனி மெஷின் தொகுதி வைத்து, மெஷின் எழும்போதே மதிப்பு அமைந்துவிடும்படி செய்வதே சுத்தமான வழி. மெமரி மேப்பை அணைத்துவிடும் அமைப்பும் உண்டு. அது லேப்டாப்பில் முயன்று பார்க்கப் போதும், உண்மையான சுமைக்கு வேண்டாம்.

மெமரியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஒவ்வொரு டேட்டா பாட்டுக்கும் 16 ஜிபி கொடுத்தோம். ரெக்வெஸ்ட்டும் (ஒதுக்கக் கேட்கும் அளவு) லிமிட்டும் (உச்சவரம்பு) ஒன்றே. எலாஸ்டிக்சர்ச் ஓடும் ஜாவாவுக்கென்று ஒதுக்கும் மெமரியான ஹீப் அதில் 8 ஜிபி. மீதி 8 ஜிபி வீணாகக் கிடக்கிறது என்று நினைத்து ஹீப்பை 14க்கு ஏற்றச் சொல்வார்கள், ஏற்றக்கூடாது. தேடலின் வேகம் அந்த மீதியில்தான் இருக்கிறது. லூசீனின் கோப்புகளை கெர்னல் தன் பேஜ் கேஷில் வைத்திருக்கும், அந்தக் கேஷும் கண்டெய்னரின் மெமரிக் கணக்கில்தான் சேரும். ஹீப்புக்கு வெளியே நெட்வொர்க் பஃபர்களும் இடம் எடுக்கும். அவற்றுக்கான உச்சவரம்பு ஹீப்பில் பாதி, எங்கள் கணக்கில் 4 ஜிபி. 14 ஜிபி ஹீப் வைத்தால், சுமை ஏறும் நேரத்தில் கெர்னல் பாட்டைக் கொன்றுவிடும். 137 என்ற எக்ஸிட் கோட் மட்டும் மிஞ்சும், எலாஸ்டிக்சர்ச் லாகில் ஒரு வரிகூட இருக்காது. 7.11ஆம் பதிப்பிலிருந்து ஹீப் அளவை எலாஸ்டிக்சர்ச்சே கண்டெய்னர் மெமரியைப் பார்த்து முடிவு செய்கிறது. காரணமில்லாமல் அதை மாற்றாதீர்கள். மெஷின் எவ்வளவு பெரிதானாலும் ஹீப் ஏறத்தாழ 31 ஜிபியைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ஜாவா தன் பாயிண்டர்களைச் சுருக்கி வைக்க முடியாமல், கூடுதலாகக் கொடுத்த மெமரி அதிலேயே கரைந்துவிடும்.

சிபியு லிமிட் வைக்க வேண்டாம் என்பது குபர்நெட்டிஸ் வட்டாரத்தில் பரவலான அறிவுரை. இங்கே அதில் ஒரு கண்ணி இருக்கிறது. திரெட் பூல்களின் அளவை எலாஸ்டிக்சர்ச் தனக்குத் தெரியும் சிபியு எண்ணிக்கையிலிருந்து கணக்கிடுகிறது. 4 சிபியு என்றால் தேடலுக்கு 7 திரெட், டேட்டா எழுதுவதற்கு 4. லிமிட் இல்லாவிட்டால் 32 கோர் மெஷினின் அத்தனை கோரும் தனக்குத்தான் என்று எண்ணித் திரெட்களைத் திறந்துவிடும். லிமிட் வையுங்கள், அல்லது ‘நோட் புராசஸர்ஸ்’ மதிப்பைக் கையால் எழுதுங்கள்.

கிளவுடில் பிளாக் டிஸ்க் ஒரே ஸோனுக்குக் கட்டுப்பட்டது. ஸ்டோரேஜ் கிளாஸில் ‘வெயிட் ஃபார் ஃபர்ஸ்ட் கன்ஸ்யூமர்’ (பாட்டுக்கு இடம் முடிவான பிறகே டிஸ்க்கை உருவாக்குவது) இல்லையென்றால் டிஸ்க் ஒரு ஸோனில் உருவாகி, பாட் போக வேண்டிய மெஷின் இன்னொரு ஸோனில் இருக்கும். பாட் பெண்டிங்கில் தொங்கும். வால்யூமைப் பின்னால் பெரிதாக்கும் அனுமதியையும் அப்போதே கொடுத்துவிடுங்கள். ஸ்டேட்ஃபுல்செட்டின் வால்யூம் டெம்ப்ளேட்டை உருவான பிறகு திருத்த முடியாது. ஆபரேட்டர் இருந்தால் அந்தச் சுற்றுவழியை அதுவே செய்துகொள்ளும். ஒவ்வொரு நோடுக்கும் தன் ஸோன் பெயரைத் தெரியப்படுத்தி, ஷார்டுகளை ஸோன் பார்த்து வைக்கும் ‘அலொகேஷன் அவேர்னெஸ்’ போடுவது கட்டாயம். அது இல்லாவிட்டால் ஒரு ஷார்டும் அதன் ரெப்ளிகாவும் ஒரே ஸோனில் அமரலாம். அந்த ஸோன் போனால் இரண்டும் போகும். அதன் கட்டாய வடிவத்தையும் இயக்குங்கள். இல்லையேல், ஸோனுக்கு ஒரு பிரதி வீதம் வைத்திருக்கும் இண்டெக்ஸ்களில், ஒரு ஸோன் விழுந்ததும் அங்கிருந்த பிரதிகளை மிச்ச ஸோன்களில் கட்டத் தொடங்கி, அங்குள்ள டிஸ்க்குகளையும் நிரப்பிவிடும்.

தமிழ் உரையைத் தேடுகிறவர்களுக்கு ஒரு இடைக்குறிப்பு. ‘கொ’ என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே யூனிகோட் எழுத்தாகவும் எழுதலாம். எகரக் குறியும் கால் குறியுமாக இரண்டு எழுத்துகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், தேடலில் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது. யூனிகோட் உரையைக் கையாளும் ஐசியு பிளகினின் நார்மலைசர் இதைச் சீராக்கும். ஆனால் அந்தப் பிளகின் எல்லா நோடுகளிலும் இருக்க வேண்டும். இனிட் கண்டெய்னரில் இணையத்திலிருந்து இறக்கி நிறுவும் முறையைத் தவிர்த்து, பிளகின் சேர்த்த சொந்த இமேஜைக் கட்டி உங்கள் ரெஜிஸ்ட்ரியில் வையுங்கள். நள்ளிரவில் ஒரு பாட் இடம் மாறும்போது, அது எழுவது வெளியே உள்ள ஒரு டவுன்லோடு தளத்தைச் சார்ந்திருக்கக்கூடாது.

பாட் உயிரோடு இருக்கிறதா என்று சோதித்து, இல்லையென்றால் கொன்று மறுபடி எழுப்பும் லைவ்னெஸ் புரோப் வேண்டாம். ஜாவா தன் மெமரியைச் சுத்தம் செய்யும் நீண்ட கார்பேஜ் கலெக்‌ஷனில் இருக்கும் நோடைச் செத்ததாக எண்ணிக் கொன்றால், அதன் சுமை மற்றவற்றின் மேல் விழுந்து அவையும் வரிசையாக விழும். கோரிக்கை வாங்கத் தயாரா என்று பார்க்கும் ரெடினெஸ் புரோப் அந்த நோடைப் பற்றி மட்டும் கேட்கட்டும். கிளஸ்டர் பச்சையா (எல்லா ஷார்டும் பிரதிகளும் இடத்தில் உள்ளனவா) என்று கேட்டால், ஒரு ரெப்ளிகா குறைந்ததற்கே அத்தனை பாட்களும் சர்வீஸிலிருந்து விலகிவிடும்.

இனி பெருக்குவது. டேட்டா பாட்களின் எண்ணிக்கையை 6இலிருந்து 8 ஆக்குவது ஒரு வரி. அதனால் என்ன கிடைக்கும் என்பதை ஷார்டுகளின் எண்ணிக்கைதான் சொல்லும். எங்கள் இண்டெக்ஸில் 6 முதன்மை ஷார்டு, ஒவ்வொன்றும் 30 ஜிபி; ஒரு ரெப்ளிகாவோடு மொத்தம் 12. ஆறு நோடுகளில் ஆளுக்கு 2, அதாவது 60 ஜிபி. எட்டு நோடு ஆனால் நான்கில் 2, நான்கில் 1. ஒரு தேடல் எல்லா ஷார்டையும் தொட வேண்டும் என்பதால் பதில் வரும் நேரத்தை இரண்டு ஷார்டு சுமக்கும் நோடுகளே தீர்மானிக்கும். செலவு மூன்றில் ஒரு பங்கு கூடியும் உச்ச நேரத்தில் பெரிய மாற்றம் தெரியாது. பன்னிரண்டு நோடு வைத்தால் ஆளுக்கு ஒன்று. பதின்மூன்றாவது நோடுக்கு இந்த இண்டெக்ஸிலிருந்து ஒன்றும் கிடைக்காது. அதனால் ஷார்டு எண்ணிக்கையை முதல் நாளே 6, 12 என்று பல விதமாகப் பங்கிடத்தக்க எண்ணாக வைப்பது பின்னால் கைகொடுக்கும். முதன்மை ஷார்டுகளின் எண்ணிக்கையை இருக்கும் இண்டெக்ஸில் மாற்ற முடியாது. எழுத்தை நிறுத்திவைத்து ஸ்பிளிட் செய்யலாம், அதுவும் மடங்குகளில்தான். மற்றபடி முழுவதையும் ரீஇண்டெக்ஸ் செய்ய வேண்டும். ஒரு ஷார்டு 10 முதல் 50 ஜிபிக்குள் இருக்கட்டும்.

தேடல் சுமை ஏறினால் ரெப்ளிகாவைக் கூட்டுங்கள். அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். எழுத்துச் சுமை ஏறும்போது ரெப்ளிகா கூட்டினால் எதிர்விளைவுதான், ஒவ்வொரு ஆவணத்தையும் அத்தனை பிரதிகளிலும் எழுத வேண்டியிருக்கும். எந்தச் சுமை என்று கண்டுபிடிக்க சிபியு வரைபடம் போதாது. திரெட் பூல் கணக்கில் தேடல் வரிசை நிரம்பி நிராகரிப்பு வருகிறதா, எழுத்தில் 429 (கோரிக்கை நிராகரிப்பு) வருகிறதா என்று பாருங்கள்.

சிபியு ஏறினால் பாட்டைக் கூட்டும் ஹெச்பிஏவை டேட்டா நோடுகளில் கட்டக்கூடாது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. புதிய நோட் காலியாகத்தான் எழுகிறது. உதவத் தொடங்குமுன் ஷார்டுகள் அதற்குப் போய்ச் சேர வேண்டும். மீட்பு வேகத்தின் இயல்பு வரம்பு நோடுக்கு விநாடிக்கு 40 எம்பி. 60 ஜிபி நகர 1500 விநாடி, அதாவது 25 நிமிடம், எல்லாம் சரியாக நடந்தால். அந்த நேரம் முழுக்க, ஏற்கெனவே திணறும் நோடுகள்தான் தங்கள் டிஸ்க்கிலிருந்து படித்து அனுப்புகின்றன. வரம்பை ஏற்றலாம், டிஸ்க் தாங்குமா என்று பார்த்துவிட்டு. அமேசானின் ஜிபி3 டிஸ்க்கின் அடிப்படை வேகமே விநாடிக்கு 125 எம்பிதான். மீட்புக்கு 120 கொடுத்தால் தேடலுக்கு மிஞ்சுவது சொற்பம். உச்ச நேரம் எப்போது என்று தெரிந்தால் அதற்கு முன்பே கூட்டுங்கள். டேட்டா வைக்காத, கோரிக்கைகளைப் பிரித்து அனுப்பும் கோஆர்டினேட்டிங் நோடுகளுக்கு ஹெச்பிஏ தாராளமாகப் பொருந்தும்.

குறைப்பதில் வரிசை முக்கியம். ஸ்டேட்ஃபுல்செட் எப்போதும் கடைசி எண்ணுள்ள பாட்டைத்தான் எடுக்கும். முதலில் அந்த நோடை அலொகேஷனிலிருந்து விலக்கி, அதில் ஷார்டு ஏதும் இல்லை என்று பார்த்த பிறகே எண்ணைக் குறைக்க வேண்டும். ஈசிகே இதைத் தானே செய்யும். கையால் செய்கிறவர்கள், வேலை முடிந்ததும் விலக்கல் அமைப்பை நீக்க மறக்காதீர்கள். மறந்தால், பிறகு அதே பெயரில் எழும் பாட் காலியாகவே இருக்கும். மாஸ்டர்களில் பாதியையோ அதற்கு மேலோ ஒரே நேரத்தில் எடுத்தால் கிளஸ்டர் பேச்சுமூச்சற்றுப் போகும், ஒவ்வொன்றாக எடுங்கள்.

மெஷின்களைப் புதுப்பிக்கும் நாளில், ஒரு மெஷினிலிருந்து பாட்களை வெளியேற்றும் டிரெயின் கட்டளை அசையாமல் நின்றால், முதலில் கிளஸ்டர் நிறத்தைப் பாருங்கள். கிளஸ்டர் பச்சையாக இருந்தால்தான் ஈசிகே ஒரு பாட்டை வெளியேற்ற அனுமதிக்கும். யாரோ ஒரு சிறிய இண்டெக்ஸுக்கு நோடுகளின் எண்ணிக்கையைவிட அதிக பிரதி கேட்டிருந்தால், கிளஸ்டர் என்றென்றும் மஞ்சள்தான். மெஷின் வேலை முழுவதும் அந்த ஒரு இண்டெக்ஸால் நிற்கும். ‘அலொகேஷன் எக்ஸ்பிளெயின்’ கேட்டால் எந்த ஷார்டு, ஏன் என்று சொல்லிவிடும். ஒரு நோட் போன பிறகு பிரதிகளை வேறிடத்தில் கட்டத் தொடங்க இயல்பாக 1 நிமிடம்தான் காத்திருப்பு. திட்டமிட்ட மறுதொடக்கங்களுக்கு அதை 5 அல்லது 10 நிமிடமாக்கினால் வீண் நகல்கள் தவிர்க்கப்படும்.

டிஸ்க்கில் 85 விழுக்காடு நிரம்பினால் அந்த நோடுக்குப் புதிய ரெப்ளிகா போகாது, 90இல் இருப்பவை வெளியேறத் தொடங்கும், 95இல் அங்குள்ள இண்டெக்ஸ்களில் எழுத்து நிற்கும். பெரிய டிஸ்க்குகளில் இந்த எல்லைகள் ஜிபி கணக்கில் சற்றுத் தள்ளி அமையும். எச்சரிக்கையை 75இலேயே வையுங்கள், டிஸ்க்கைப் பெரிதாக்க நிதானமான நேரம் கிடைக்கும்.

வால்யூம்கள் பத்திரமாக இருப்பதும் ரெப்ளிகா இருப்பதும் பேக்கப் ஆகாது; எலாஸ்டிக்சர்ச்சுக்குள் தவறாகச் செய்த ஒரு டெலீட் எல்லாப் பிரதிகளிலும் ஒரே நேரத்தில் நடக்கும். டிஸ்க்குகளைத் தனித்தனியாக நகல் எடுத்து மீட்பதும் நம்பத்தக்கதல்ல, நோடுகளின் நகல்கள் ஒன்றோடொன்று ஒத்திருக்காது. ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில் ரெப்போசிட்டரி பதிந்து, எலாஸ்டிக்சர்ச்சின் சொந்த ஸ்னாப்ஷாட்டை அட்டவணைப்படி ஓட்டுங்கள். மாறிய பகுதி மட்டுமே நகலாகும் என்பதால் அரைமணிக்கு ஒருமுறைகூட எடுக்கலாம். பிறகு வேறு நேம்ஸ்பேஸில் சிறிய கிளஸ்டர் ஒன்றை எழுப்பி, ரெப்போசிட்டரியைப் படிக்க மட்டும் இணைத்து, ஒரு இண்டெக்ஸை மீட்டு, ஆவண எண்ணிக்கையை மூலத்தோடு ஒப்பிடுங்கள். படிக்க மட்டும் என்பதை விட்டுவிடாதீர்கள். இரண்டு கிளஸ்டர்கள் ஒரே ரெப்போசிட்டரியில் எழுதினால் ஸ்னாப்ஷாட்கள் கெட்டுப்போகலாம்.