லோங்காங்கை ஆறாக்கிய வேலை

சிங்கப்பூரில் மழைநீர் ஓடும் சிமெண்ட் வாய்க்காலை நாங்கள் லோங்காங் என்போம். 2009-ல் பீஷான் பூங்கா ஓரம் எனக்கு சூப்பர்வைசர் வேலை வந்தபோது அங்கே இருந்ததும் பெரிய லோங்காங்தான். 2.7 கிலோமீட்டருக்கு நூல் பிடித்ததுபோல நேராகக் கிடந்தது. அதுதான் காலாங் ஆறு என்று சில வாரம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தில் புறப்பட்டு மரீனா நீர்த்தேக்கத்தில் போய்ச் சேரும் ஆறு அது. வெள்ளத்துக்குப் பயந்து அந்த இடத்தில் அதைச் சிமெண்டுக்குள் அடைத்துவிட்டிருந்தார்கள்.

வாய்க்கால் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் பொறுப்பு. பூங்கா தேசியப் பூங்காக் கழகத்தின் பொறுப்பு. நடுவில் ஒரு வேலி. அந்த வேலியை எடுத்துவிட்டு இரண்டையும் ஒரே நிலமாகப் பார்த்ததுதான் இந்தத் திட்டத்தின் உயிர். 17 முதல் 24 மீட்டர் அகலத்துக்குள் ஓடிய தண்ணீர், பெருமழையில் புல்வெளிமேல் ஏறி 100 மீட்டர் வரை விரியலாம் என்று வரைபடம் சொன்னது. வடிவமைத்தது அட்டெலியே டிரைசைட்ல் என்ற ஜெர்மன் நிறுவனம். கூட்டங்களில் வடிகால்காரர்கள் ஓட்ட வேகத்தைப் பற்றிப் பேசுவார்கள், பூங்காக்காரர்கள் மரத்தைப் பற்றிப் பேசுவார்கள். மண்ணைப் பற்றி எங்களைக் கேட்பார்கள். அப்படி எங்களைக் கேட்டது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

உண்மையான சிக்கல் கரை. சிமெண்டை உடைத்துவிட்டால் மண்ணை எது பிடித்து நிறுத்தும்? செடியின் வேரை வைத்தே கட்டலாம் என்றார்கள். ஐரோப்பாவில் பழகிய முறை அது, ஆனால் இந்த வெயிலுக்கும் மழைக்கும் எந்தச் செடி பிடிக்கும் என்று செய்துதான் பார்க்க வேண்டும். அதனால் முதலில் பூங்காவில் ஒரு சிறு வடிகாலில் 60 மீட்டர் நீளத்துக்குச் சோதனைக் கரை அமைத்தோம். பத்து விதமான முறைகள். கம்பி வலைப் பெட்டிக்குள் கல் அடுக்கி இடுக்கில் செடி நடுவது ஒன்று. நார்வலையால் மண்ணைப் போர்த்தி அடுக்குவது இன்னொன்று. குச்சிக்கட்டு வேறு.

குச்சிக்கட்டைச் சொல்லியே ஆக வேண்டும். துளிர்க்கக்கூடிய பச்சைக் கிளைகளைக் கைப்பருமனுக்குச் சேர்த்துக் கட்டி, கரையோரம் பள்ளம் எடுத்து, பாதி மண்ணுக்குள் இருக்கும்படி படுக்கவைத்து, முளை அடித்து நிறுத்த வேண்டும். திருவாரூர்ப் பக்கத்தில் ஆற்றில் உடைப்பு எடுத்தால் மூங்கில் முளை அடித்து, தழையும் வைக்கோலும் திணித்து அடைப்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். கை தானாகப் பழகிவிட்டது. ஆனாலும் கூட இருந்த தம்பி ஒருவன், "அண்ணே, இந்த வெறகு ஆத்தைத் தாங்குமா?" என்று கேட்டான். எனக்கும் அதே கேள்விதான்.

முதல் பெருமழையில் நாங்கள் கட்டிய ஓர் இடம் சரிந்தது. கட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே சரியாக மண் திணிக்காமல் விட்டிருந்தோம், தண்ணீர் அந்தச் சந்தில் புகுந்து அரித்துவிட்டது. தப்பு என்னுடையது, அன்று மாலை அவசரப்படுத்தியது நான்தான். திரும்பவும் பிரித்து, மண்ணை மிதித்து இறுக்கிக் கட்டினோம். மூன்று வாரத்தில் கணுக்களில் துளிர் வந்தது. ஒரு குச்சியை மெதுவாக இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. மண்ணுக்கு அடியில் வெள்ளை வெள்ளையாக வேர் இறங்கியிருந்தது. பத்தில் நன்றாக நின்ற முறைகளையே அப்புறம் பெரிய ஆற்றுக்கு எடுத்துக்கொண்டார்கள்.

பெரிய வேலையில் வானம் கறுத்தால் எல்லாரும் மேலே ஏறிவிட வேண்டும், அதில் பேச்சே இல்லை. மேட்டில் மழை பெய்தால் ஆறு கண்மூடித் திறப்பதற்குள் ஏறிவிடும். இப்போதும் பூங்காவில் நீர்மட்டத்தைக் கவனிக்கும் கருவியும், எச்சரிக்கை விளக்கும் சைரனும் இருக்கின்றன. உடைத்த சிமெண்டையும் வெளியே கொட்டவில்லை. அதையே அடுக்கிப் பூங்காவுக்குள் ஒரு குன்று எழுப்பினார்கள்.

2012 மார்ச்சில் திறந்தார்கள். நேராக ஓடிய 2.7 கிலோமீட்டர், வளைந்து நெளிந்து 3.2 ஆகியிருந்தது. பிறகு நீர்நாய்களும் வர ஆரம்பித்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் போனால் அந்தச் சோதனைக் கரைப் பக்கம் இறங்கி, நாங்கள் கட்டிய கட்டு தெரிகிறதா என்று தேடுவேன். நார் மக்கிப்போய்விட்டது, முளையும் இல்லை, எல்லாவற்றையும் வேர் மூடிவிட்டது.